ஆடும் மாடும் உருவாக்கிய பூங்காக்கள்

தேசியப் பூங்கா என்றதும் மனிதன் கால் படாத அடர்ந்த காடும், அதில் திரியும் யானையும் புலியும்தான் நம் நினைவுக்கு வரும். நெதர்லாந்து நாட்டின் தேசியப் பூங்காக்கள் அப்படிப்பட்டவை அல்ல. நாம் பழக்கத்தில் ஹாலந்து என்று அழைக்கும் அந்தச் சிறிய நாட்டில், மனிதன் கை படாத நிலம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை உருவாக்கியது உழவனின் மண்வெட்டியும் ஆட்டு மந்தையும்தான்.

விவசாயம் உண்டாக்கிய அந்த இயற்கையை இன்று விவசாயமே கெடுக்கிறது என்று வழக்கு நடந்தது. தீர்ப்பும் வந்தது. ஆயிரக்கணக்கான உழவர்கள் டிராக்டர்களுடன் தெருவுக்கு வந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் இருப்பது நாம் நன்கு அறிந்த ஒரு பொருள். அதுதான் தழைச்சத்து.

குப்பைக் கிடங்கில் தொடங்கிய கதை

நெதர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரை கட்டி, நீரை இறைத்து, நிலத்தை மீட்டு வாழும் நாடு அது. இன்று ஒரு கோடியே 80 இலட்சம் பேர் அங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் சும்மா கிடக்கும் நிலத்தை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 1900-க்குப் பிறகு, நகரத்துக் குப்பையை நார்டர்மேர் என்ற ஏரியில் கொட்டத் திட்டமிட்டது. பறவைகள் கூடு கட்டும் ஏரி அது. பள்ளி ஆசிரியர்களான தெய்சே, ஹெய்மன்ஸ் ஆகிய இருவரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் இதை எதிர்த்தார்கள். 1905-ல் இயற்கைச் சின்னங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கி, மறு ஆண்டே அந்த ஏரியை விலைக்கு வாங்கிவிட்டார்கள். அதே சங்கம்தான் 1930-ல் வெலுவேசோம் என்ற முதல் தேசியப் பூங்காவையும் அமைத்தது. அதாவது, முதல் பூங்காவை அமைத்தது அரசாங்கம் அல்ல. சந்தா கட்டிய பொதுமக்கள். 1935-ல் ஹோகே வெலுவே என்ற இரண்டாவது பூங்கா ஏற்பட்டது. அரசாங்கத்தின் முறைப்படியான பூங்காத் திட்டம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. அத்திட்டத்தின் கீழ் 1989-ல் ஸ்கீர்மோனிகோக் என்ற கடல் தீவு முதலாவதாக அறிவிக்கப்பட்டது.

வெலுவேயின் ஆட்டுப்பட்டி

முதல் இரண்டு பூங்காக்களும் வெலுவே என்ற மேட்டு நிலத்தில் உள்ளன. பனி யுகத்தில் பனிப்பாளங்கள் தள்ளிக் குவித்த மணலும் சரளையும்தான் அந்த மேடு. புளிப்புத் தன்மை கொண்ட, சத்தில்லாத மண். நீரும் நிற்காது, உரமும் நிற்காது.

இந்த மண்ணில் அக்காலத்து உழவர்கள் ரை என்னும் தானியத்தைப் பயிரிட்டு வாழ்ந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழி நமக்கு எளிதில் புரியும். ஊரைச் சுற்றியிருந்த பொது நிலத்தில் ஹெதர் என்ற செடி வளர்ந்திருந்தது. முழங்கால் உயரம் வளரும் சிறு புதர் அது. ஆகஸ்டு மாதம் வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். பகலில் ஆடுகள் அங்கே மேய்ந்து, இரவில் பட்டிக்குத் திரும்பும். உழவர்கள் அந்தப் புதர் நிலத்தின் மேல்மண்ணைச் செடியோடும் வேரோடும் பாளம் பாளமாக வெட்டி வந்து பட்டியில் பரப்புவார்கள். அதன் மேல் ஆடுகள் சாணமும் சிறுநீரும் இடும். மீண்டும் ஒரு அடுக்குப் பாளம், மீண்டும் ஆட்டெரு. இவ்வாறு பட்டியின் தரை உயர்ந்துகொண்டே போகும். பிறகு அதை வெட்டி எடுத்து வயலில் இடுவார்கள்.

இதே வேலையைப் பல நூறு ஆண்டுகள் செய்தார்கள். அதனால் ஊரை ஒட்டிய வயல்களின் மண் இரண்டு மூன்று அடி உயர்ந்துவிட்டது. கருத்த, வளமான அந்த மண்ணை இன்றும் மண்ணியல் அறிஞர்கள் தனி வகையாகவே வைத்துப் படிக்கிறார்கள்.

ஆனால் வயலுக்கு வந்த சத்து எங்கிருந்தோ வந்தாக வேண்டும் அல்லவா? ஒரு ஏக்கர் வயலுக்கு எருக் கொடுக்கப் பல ஏக்கர் புதர் நிலம் தன் சத்தை இழந்தது. ஆடு மேய்ந்து மேய்ந்து மரக்கன்று எழவில்லை. பாளம் வெட்டி வெட்டி மண் மெலிந்தது. மெலிந்த மண்ணில்தான் ஹெதர் செழிக்கும். ஆகவே அந்த ஊதா நிறப் புதர்வெளி இயற்கையின் தனி வேலை அல்ல. உழவனும் ஆடும் சேர்ந்து மண்ணைப் பட்டினி போட்டு வைத்ததன் விளைவு.

மணல் பறந்தது

பட்டினிக்கும் ஓர் அளவு உண்டு. வெட்டிய இடம் மீண்டும் மூடிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மறுபடியும் வெட்டினார்கள். அளவுக்கு மேல் மேய்த்தார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த வேர் போனதும் காற்று மணலை வாரிக்கொண்டு போயிற்று. வயல்கள் மூடின. கோட்வெய்க் என்ற இடத்தில் மணலுக்கு அடியில் பழைய ஊர் ஒன்றின் அடையாளங்களை அகழ்வாராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் சுமார் 1,700 ஏக்கர் பரப்பில் இன்றும் வெறும் மணல் கிடக்கிறது. கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கும் பறக்கும் மணல்வெளிகளில் மேற்கு ஐரோப்பாவிலேயே இதுதான் பெரியது என்கிறார்கள்.

பறக்கும் மணலை அடக்க 1899-ல் அரசு வனத்துறை தொடங்கப்பட்டு, பைன் மரங்கள் நடப்பட்டன. அதே காலத்தில் மூட்டை உரம் வந்தது. ஆஸ்திரேலியக் கம்பளி வந்து உள்ளூர்க் கம்பளியின் விலையும் விழுந்தது. எருவுக்காகவும் கம்பளிக்காகவும் ஆடு வளர்த்தவனுக்கு இரண்டும் போயின. மந்தைகள் மறைந்தன. புதர் நிலத்தை உழுது வயலாக்கினார்கள், அல்லது மரம் நட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுமார் 15 இலட்சம் ஏக்கராக இருந்த புதர்வெளியில் இன்று பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அந்த மிச்சத்தைத்தான் பூங்காக்கள் காக்கின்றன. ஆடு மேயாவிட்டால் அதுவும் சில ஆண்டுகளில் காடாகிவிடும். எனவே பூங்கா நிர்வாகத்தினர் இன்று கூலி கொடுத்து ஆட்டு இடையர்களை வைத்திருக்கிறார்கள். மணல்வெளியை மரம் மூடிவிடாமல் இருக்கப் பைன் மரங்களை வெட்டவும் செய்கிறார்கள்!

நாணலும் அறுவடையும்

வெலுவேயில் நாம் பார்த்தது மணல். வேர்ரிபன்-வீடன் பூங்காவில் இருப்பது நீர். அங்கே முன்பு ஆழமான கரிமண் இருந்தது. சேறாக இருக்கும் அந்த மண்ணை வாரி எடுத்து, நீண்ட வரப்புகளில் பரப்பிக் காயவைத்து, அடுப்பெரிக்க விற்றார்கள். தோண்டிய இடம் நீண்ட குட்டையாயிற்று. காயவைத்த இடம் வரப்பாக நின்றது. ஆசை மிகுந்து வரப்பைக் குறுக்கிக் குட்டையை அகலமாக்கினார்கள். 1775-லும் 1776-லும் புயல் அலைகள் மெல்லிய வரப்புகளை அடித்துக்கொண்டு போயின. பெரிய ஏரி உண்டாயிற்று. பெலாக்கே என்ற ஊர் அழிந்தது.

கரி தீர்ந்த பிறகு அந்தக் குட்டைகளில் நாணல் வளர்ந்தது. கூரை வேயும் நாணலைக் குளிர்காலத்தில் அறுத்து விற்பது ஊர்த் தொழிலாயிற்று. ஆண்டுதோறும் அறுப்பதால்தான் அந்த நாணல்வெளி நிலைத்திருக்கிறது. அறுக்காமல் விட்டால் சருகு சேர்ந்து மேடாகி, மரம் முளைத்துவிடும். நாணலை நம்பி வாழும் பறவைகள் போய்விடும். நாட்டிலிருந்தே மறைந்துபோன நீர்நாயை 2002-ல் இந்தப் பூங்காவில்தான் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். நீர்நாய்க்கு நல்ல தண்ணீர் வேண்டும்; நாணலுக்கு அரிவாள் வேண்டும். இரண்டும் இங்கே சேர்ந்து நடக்கின்றன.

கையை எடுத்தால் என்ன ஆகும்?

மனிதன் கையை முழுவதுமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். 1968-ல் கடல் நீரை இறைத்து மீட்ட பிளேவோலாந்து பகுதியில், தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கிய தாழ்வான இடம் ஒன்று சதுப்பாகவே நின்றுவிட்டது. ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்று அதற்குப் பெயர். காட்டு மாட்டைப் போன்ற ஹெக் இன மாடுகள் 1983-லும், கோனிக் குதிரைகள் 1984-லும், செம்மான்கள் 1992-லும் அங்கே விடப்பட்டன. தீனி போடுவதில்லை, இயற்கையே பார்த்துக்கொள்ளட்டும் என்பது கொள்கை.

ஆனால் சுற்றிலும் வேலி இருந்தது. மேய்ச்சல் குறைந்தால் வேறு இடம் தேடிப் போக வழியில்லை. அடித்துத் தின்னும் விலங்கும் இல்லை. எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. 2017-18 குளிர்காலத்தில் தீனி இல்லாமல் மெலிந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அவற்றில் பெரும்பாலானவற்றை, பிழைக்காது என்று கண்டு வனக்காவலர்களே சுட்டார்கள். ஊர் மக்கள் பொறுக்காமல் வேலிக்கு மேலாக வைக்கோலை வீசினார்கள். அதன் பிறகு அதிகாரிகள் கொள்கையை மாற்றி, மேய்ச்சலுக்கு ஏற்ப எண்ணிக்கையைக் குறைத்து வைக்க முடிவு செய்தார்கள். 2018 முதல் இந்த இடம் நியூ லாந்து தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. மேய்ச்சல் நிலம் எத்தனை வாயைத் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பது அறிவியல் தெரிந்தவனுக்கும் கட்டாயம், ஆடு மேய்ப்பவனுக்கும் கட்டாயம் என்பது இங்கே தெளிவாயிற்று.

பட்டினி நிலத்துக்கு விருந்து

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இன்றைய நெதர்லாந்தில் 40 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மாடுகளும், சுமார் ஒரு கோடிப் பன்றிகளும், பத்துக் கோடியை ஒட்டிய எண்ணிக்கையில் கோழிகளும் இருக்கின்றன. இவற்றின் தீனியில் பெரும் பகுதி கப்பலில் வருகிறது. பிரேசில் நாட்டுச் சோயாவில் இருந்த தழைச்சத்து, நெதர்லாந்தின் சாணக்குழிக்கு வந்து சேருகிறது.

சாணமும் சிறுநீரும் கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதை எல்லோரும் அறிவோம். அந்த நெடிதான் அம்மோனியா. அது காற்றில் போகும் தழைச்சத்து. கொஞ்ச தூரம் போய், மண்ணிலும் இலையிலும் படிந்துவிடும், மழையோடும் இறங்கும். கோழிப்பண்ணைகளும் பன்றிப்பண்ணைகளும் நெருங்கிய சமவெளி வெலுவேக்கு மேற்கே இருக்கிறது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. பிறகு கேட்க வேண்டுமா?

உலர்ந்த ஹெதர் புதர்வெளி ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 6 கிலோ தழைச்சத்தைத்தான் தாங்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். யூரியாக் கணக்கில் அது வெறும் 13 கிலோ. நெல்லுக்கு ஒரு மேலுரத்துக்குக்கூடப் போதாத அளவு! ஆனால் பட்டினியிலே பழகிய அந்த நிலத்துக்கு அதற்கு மேல் போனால் கெடுதல். வெலுவேயின் பெரும் பகுதியில் அதற்கு மேல்தான் விழுகிறது. கார்களும் ஆலைகளும் விடும் புகையும், பக்கத்து நாடுகளிலிருந்து காற்றில் வருவதும் இதில் சேரும். என்றாலும் ஏறக்குறையப் பாதி உள்நாட்டு விவசாயத்திலிருந்து வருகிறது.

விளைவு என்ன? சத்துக் கிடைத்ததும் முரட்டுப் புல் வேகமாக எழுந்து ஹெதரை மூடிவிடுகிறது. தழைச்சத்து மிகுந்த பயிரைப் பூச்சி தேடி வரும் என்பது நாம் வயலில் காண்பது. ஹெதருக்கும் அதே கதிதான். அதன் இலையைத் தின்னும் வண்டு பெருகிப் பெரும் பரப்பைக் கருக வைக்கிறது. அந்த இடத்தையும் புல் பிடித்துக்கொள்கிறது.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் மோசம். அம்மோனியா மண்ணில் மாறும்போது புளிப்பு ஏறுகிறது. இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் கரைந்து கீழே போகிறது. சுண்ணாம்பு இல்லாத மண்ணில் நத்தை வாழாது. நத்தை ஓட்டைத் தின்று சுண்ணாம்பு பெறும் பட்டாணிக் குருவி இனப் பறவைகள் மெல்லிய ஓடுள்ள முட்டைகளை இடுவதை வெலுவேக் காடுகளில் 1990-களிலேயே கண்டுபிடித்தார்கள். சாணக்குழியின் நெடி குருவிக் கூட்டின் முட்டை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்குச் செய்யும் வைத்தியமும் நமக்கு வியப்பாக இருக்கும். டிரென்த் மாநிலத்தில் ட்விங்கெல்டர்வெல்ட் என்ற தேசியப் பூங்காவின் நடுவில் சுமார் 500 ஏக்கர் வயல் இருந்தது. அதை வாங்கி மீண்டும் புதர்வெளியாக்க நினைத்தார்கள். பல காலம் உரமிட்ட அந்த மண்ணில் ஹெதர் வருமா? வராது. எனவே வளமான மேல்மண்ணை இயந்திரங்களால் சுரண்டி அப்புறப்படுத்தினார்கள். அந்த மண்ணைக் கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் இரைச்சலைத் தடுக்கும் கரை போட்டார்கள். உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வளம் சாலைக் கரையாகப் போயிற்று!

தீர்ப்பும் டிராக்டரும்

ஐரோப்பியச் சட்டப்படி இந்த இயற்கை இடங்களைக் கெடாமல் காப்பது அரசாங்கத்தின் கடமை. 2015-ல் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. வருங்காலத்தில் தழைச்சத்துப் படிவு குறையும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கை வைத்தே புதிய கொட்டகைகளுக்கும் சாலைகளுக்கும் அனுமதி கொடுத்தது. வராத மழையை நம்பி நாற்று விட்டது போன்ற காரியம் இது. 2019 மே 29-ல் நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பண்ணைகள் மட்டுமின்றி வீடு கட்டும் வேலைகளும் சாலை வேலைகளும் நின்றன. 2020 முதல் பகல் நேரத்தில் நெடுஞ்சாலைகளில் கார்களின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

மாடுகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் உழவர்கள் கொதித்தார்கள். 2019 அக்டோபர் 1-ந் தேதி ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் அரசாங்கம் அமைந்துள்ள ஹேக் நகரை நோக்கிப் புறப்பட்டன. சாலைகள் திணறின. 2022-ல் எந்தப் பகுதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் வரைபடம் வெளியிட்டபோது மீண்டும் கிளர்ச்சி நடந்தது. 2023 மாநிலத் தேர்தலில் உழவர்களுக்காகத் தொடங்கிய கட்சியே முதலிடம் பெற்றது.

உழவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "பெரிதாக வளருங்கள் என்று சொன்னது அரசாங்கம், கடன் கொடுத்தது வங்கி, மலிவு விலை கேட்டது கடைக்காரன். இன்று குற்றவாளி நாங்கள் மட்டுமா?" என்பது அவர்கள் கேள்வி. சாண நீரை வயலில் தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்துவது, குழியை மூடி வைப்பது ஆகிய முறைகளால் 1990-லிருந்து அம்மோனியாவைப் பாதிக்கு மேல் குறைத்ததும் அவர்கள்தான். ஆனால் மெலிந்த மண்ணுக்கு நியாயம் பேசத் தெரியாது. அதற்கு மிச்சமும் அதிகம்தான். 2023-ல் பூங்காக்களுக்கு அருகில் உள்ள பண்ணைகளை உரியவர் விருப்பத்தின் பேரில் விலைக்கு வாங்கும் திட்டம் வந்தது. 2025 ஜனவரியில் ஹேக் நீதிமன்றம், தழைச்சத்தால் பாதிக்கப்படும் இயற்கைப் பரப்பில் பாதியையாவது 2030-க்குள் பாதுகாப்பான அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது. வழக்கு முடிந்தாலும் வருத்தம் முடியவில்லை.

தீவில் ஒரு வழி

ஸ்கீர்மோனிகோக் தீவைப் பற்றி முன்னே சொன்னோம். மணற்குன்றுகளும் உப்புப் புல்வெளிகளும் நிறைந்த அந்தத் தீவில் ஏழு பால் பண்ணைகள் இருந்தன. மணற்குன்றுகளில் அங்கேயும் புல் மூடத் தொடங்கிற்று. ஏழு உழவர்களும் கூடிப் பேசி, மாடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். வருமானம் குறையாமல் இருக்க வழி? பாலைப் பெரிய ஆலைக்கு அனுப்பாமல், தீவின் பெயரிலேயே பாலாடைக்கட்டி செய்து விற்கத் தொடங்கினார்கள். மாடு குறைந்தது, ஒரு லிட்டர் பாலுக்குக் கிடைக்கும் காசு கூடியது. எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் உழவனை விலக்காமலே பூங்காவைக் காக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒரே மண், ஒரே சத்து. குறைத்து எடுத்தபோது ஊதாப் பூ பூத்தது. அளவு மீறி எடுத்தபோது மணல் பறந்தது. அளவு மீறிக் கொடுத்தபோது புல் மூடியது. இந்த மூன்று பாடத்தையும் படிக்க அந்த நாட்டுக்குப் பல நூறு ஆண்டுகள் ஆயின.

நம் வீட்டுக் குப்பைமேட்டிலும் இந்த விதிதான் வேலை செய்கிறது. வெயிலில் திறந்து கிடக்கும் எருக்குவியலின் நெடியை முகரும்போது, கைக்காசு காற்றில் போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எருவைக் குழியில் இட்டு மண்ணாலோ தழையாலோ மூடுங்கள். மாட்டின் சிறுநீரை வைக்கோல் சருகில் பிடித்துக் குழியில் சேருங்கள். வயலுக்குக் கொண்டுபோன எருவை நாள் கணக்கில் குவித்துப் போடாமல் உடனே பரப்பி உழுதுவிடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், மண் பரிசோதனைப்படி பிரித்து இடுங்கள். மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

ஹோகே வெலுவேயின் ஊதா நிறப் பூவைப் பார்க்க ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு அது ஓர் ஆட்டுப்பட்டியில் தொடங்கியது என்பது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கையில்தான் மண்ணும் இருக்கிறது.